ஒதுக்கி வைத்த தூரிகை



இளமையில் நம்முடன் வளர்ந்து, இல்லறம் தொடங்கியதும் ஓசையின்றி விடைபெற்றுக்கொள்ளும் கலைகள் பல உண்டு. ஒருவர் அழகிய எழுத்துக்கலையில் கைதேர்ந்திருப்பார். மற்றொருவர் தபால்தலைகளைத் திரட்டி வைத்திருப்பார். இன்னொருவர் தீக்குச்சிகளால் கப்பல் கட்டியிருப்பார். திருமணம், வேலை, மழலை என்று பொறுப்புகள் வந்து சேரச்சேர, இவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடங்கிப் பரணுக்குச் சென்றுவிடுகின்றன. சிலருடைய வாழ்வில் மட்டும் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின் அந்தப் பெட்டி மீண்டும் கீழே இறங்குகிறது. பெரும்பாலும் அதை இறக்க வைப்பது, வீட்டில் வளர்ந்து வரும் ஒரு குழந்தைதான்.

இங்கிலாந்து நாட்டில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. விரல் உயரமே உள்ள போர்வீரர் பொம்மைகளுக்கு நுணுக்கமாக வர்ணம் தீட்டும் கலை அங்கே மிகப் பிரபலமானது. சிறுவயதில் அதில் ஈடுபட்டுப் பின்னர் கைவிட்ட ஆண்கள், தாங்கள் தந்தையரான பிறகு மீண்டும் தூரிகை எடுப்பதை அங்கே பரவலாகக் காணலாம். பொம்மைக்கு வர்ணம் பூசுவதில் நமக்கென்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் ஒரு தந்தை தன் வீட்டுப் பிள்ளைக்கு எதைத் தருகிறார், எதைத் தரத் தவறுகிறார் என்னும் பெரிய கேள்வி இச்சிறு கலைக்குள் அடங்கியிருக்கிறது. அதனாலேயே இம்மாதம் இதனைப் பேச எடுத்துக்கொண்டோம்.

வெள்ளீயம் முதல் பிளாஸ்டிக் வரை

இப்பொம்மைகளின் வரலாறு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. ஹில்பெர்ட் என்னும் வெள்ளீயக் கைவினைஞரின் குடும்பத்தார் அங்கே தகடு போன்ற தட்டையான வீரர்களை வார்த்தெடுத்தனர். டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838ஆம் ஆண்டில் எழுதிய புகழ்மிக்க சிறுவர் கதையின் நாயகன், ஒற்றைக்காலுடைய ஒரு வெள்ளீயப் படைவீரனே.

1893ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் புதியதொரு முறையைக் கொண்டுவந்தனர். உருக்கிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் ஓரத்தை ஒட்டிய பகுதி உறைந்தவுடன், நடுவில் இன்னும் உருகிய நிலையிலுள்ள உலோகத்தை வெளியே கொட்டிவிடுவார்கள். உள்ளே வெற்றிடமுள்ள பொம்மை கிடைக்கும். உலோகச் செலவு குறைந்தது, எடையும் குறைந்தது, விலையும் இறங்கியது. சுமார் இரண்டு அங்குல உயரமுள்ள இவ்வீரர்கள் நடுத்தர வீடுகளுக்குள்ளும் அணிவகுத்தனர். பேரரசின் பல படைப்பிரிவுகளையும் அந்நிறுவனம் பொம்மையாக்கியது. அவற்றில் மதராஸ், பம்பாய், வங்காளப் பிரிவுகளும் இடம்பெற்றன. நம் மண்ணிலிருந்து படையில் சேர்ந்தவர்களின் சாயல், இலண்டன் சிறுவர்களின் விளையாட்டறையிலும் நின்றிருக்கிறது.

1960களின் நடுவில் நச்சுத்தன்மை கருதிக் காரீயப் பொம்மைகள் இங்கிலாந்தின் கடைகளிலிருந்து மறைந்தன. அதற்கு முன்னரே ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள், ஓரங்குல உயரப் பிளாஸ்டிக் வீரர்களைச் சிறு பெட்டிகளில் அடைத்து, சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்கு எட்டும் விலையில் விற்கத் தொடங்கியிருந்தன. 1975இல் இலண்டனில் மூன்று நண்பர்கள் 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' என்னும் நிறுவனத்தை ஆரம்பித்தனர். 1979இல் அதன் துணையோடு 'சிட்டாடல் மினியேச்சர்ஸ்' பிறந்தது. 1983இல் 'வார்ஹாமர்' என்னும் கற்பனைப் போர் விளையாட்டு வெளிவந்தது. அன்று அதில் மயங்கிய சிறுவர்கள்தாம் இன்று நடுவயதுத் தந்தையர். பொம்மைகளையும் அவற்றுக்குரிய வர்ணங்களையும் விற்கும் அந்நிறுவனம் 2024 டிசம்பரில், இலண்டன் பங்குச்சந்தையின் தலையாய நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது என்றால், திரும்பி வந்தவர்களின் பங்கு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பெட்டி திறக்கும்போது

பல ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படும் பெட்டியில் இருப்பவை ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். குப்பியிலேயே கல்லாகிப்போன வர்ணங்கள், நுனி பிளந்த தூரிகைகள், பாதி வர்ணத்தோடு நின்றுபோன ஒரு படைப்பிரிவு. பழைய எனாமல் வர்ணத்தை இளக்கவும் தூரிகையைக் கழுவவும் டர்பன்டைன் போன்ற எண்ணெய்கள் தேவைப்பட்டன. அறை முழுதும் நெடி பரவும். ஒரு பூச்சு நன்றாகக் காய ஒரு நாள் முழுதும் காத்திருக்க நேரும்.

இன்று நிலைமை வேறு. நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணங்கள் சில நிமிடங்களில் காய்கின்றன, நெடியும் மிகக் குறைவு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது பெரும் வசதி.

வேலையின் முறை எளிது. முதலில் பொம்மையைச் சோப்பு நீரில் கழுவி உலரவிட வேண்டும். அதனை ஒரு பழைய புட்டியின் மூடிமீது ஒட்டிக்கொண்டால், வர்ணத்தில் விரல் படாமல் எப்பக்கமும் திருப்பலாம். பிறகு பிரைமர். சுவருக்கு வெள்ளையடிக்குமுன் அடிப்பூச்சு கொடுப்பது போன்றதே இதுவும். இஃது இல்லையேல் வர்ணம் உரிந்துவிடும். அதன்மேல் சட்டை, தோல், ஆயுதம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நிறத்தைத் தீட்ட வேண்டும். வர்ணத்தை நீர் கலந்து மெலிதாக்கி, ஒரே கனத்த பூச்சாக அன்றி, இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகக் கொடுப்பதே சிறந்தது. கனமாக அப்பினால் முகத்தின் கண்ணும் மூக்கும் மூழ்கிவிடும்.

நிறங்கள் காய்ந்தபின், கருமையான வர்ணத்தைத் தண்ணீர்போல் இளக்கி எங்கும் தடவுவார்கள். அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தங்கி நிழலாகிவிடும். பின்னர்த் தூரிகையைக் காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய வர்ணமே இல்லாத நிலையில் மேடான இடங்களில் மட்டும் உரசினால் அங்கே ஒளி பிறக்கும். நிழலையும் ஒளியையும் இவ்விதம் கையாலேயே வரவழைப்பதற்குக் காரணம் உண்டு. விரலளவு உருவத்தின்மேல் இயற்கை வெளிச்சம் உருவாக்கும் நிழல் கண்ணுக்குப் புலப்படாது. வர்ணம்தான் அதனை நம் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். 2019இல் சிட்டாடல் வெளியிட்ட ஒருவகை வர்ணம், ஒரே பூச்சில் நிழலையும் ஒளியையும் தருமாறு அமைந்தது. நேரம் குறைந்த பெற்றோர் அதனை மனமுவந்து வரவேற்றனர்.

வர்ணம் சீக்கிரம் உலர்ந்துவிடாமல் காக்க ஒரு வீட்டு உபாயம் உண்டு. மூடியுள்ள ஆழமற்ற டப்பாவில், நீர் ஊறிய மெல்லிய பஞ்சுத் துண்டை விரித்து, அதன்மேல் அடுமனைக்காரர்கள் பயன்படுத்தும் எண்ணெய்த் தாளைப் பரப்பி, அதில் வர்ணத்தைக் கலந்துகொள்ள வேண்டும். குழந்தை அழுதால் மூடிவிட்டு எழுந்து போகலாம். மறுநாள் வந்தாலும் வர்ணம் ஈரமாகவே காத்திருக்கும்.

திரும்பி வருபவர் சந்திக்கும் மற்றொரு மாற்றம் அவரது கண்ணில் இருக்கிறது. நாற்பதை நெருங்கியவருக்கு வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. பதினான்கு வயதில் கண்ணருகே பிடித்துப் பார்த்த பொத்தானை, இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியும் நல்ல வெண்விளக்கும் இன்றிக் காண இயலாது. ஆயினும் அனுபவசாலிகள் கூறும் செய்தி வியப்பளிக்கிறது. கண் மங்கினாலும் பொறுமை கூடியிருப்பதால், இளமையில் செய்ததைவிட இப்போது வேலை செம்மையாக அமைகிறதாம்.

தூரிகை வாங்கும் முஸ்லிம்கள் கவனிக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. விறைப்பான ஓவியத் தூரிகைகள் பல பன்றியின் மயிரால் ஆனவை. நைலான் போன்ற செயற்கை இழைத் தூரிகைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. வாங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம்.

காரீயம் என்னும் அபாயம்

பழைய பெட்டியைக் குழந்தையின் முன்னால் திறக்கும் எவரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுதான். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயம் வெள்ளீயமாகும். பழைய பொம்மை வீரர்களில் கலந்திருப்பது காரீயம். தமிழில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுவதால் ஒன்றென எண்ணிவிடலாகாது. காரீயம் நஞ்சு. வளரும் குழந்தையின் மூளையையும் நரம்புகளையும் அது தாக்குகிறது. இவ்வளவு வரை உடலில் சேர்ந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறு குழந்தைகள் கைக்குக் கிடைத்ததை வாயில் வைப்பவர்கள் என்பதையும் நாம் அறிவோம்.

ஆதலால், 1960களுக்கு முற்பட்ட உலோகப் பொம்மைகளையும், பின்னாளில் பெரியவர்களுக்கென வார்க்கப்பட்ட உலோகச் சிற்றுருவங்களையும், வேறு விதமாக உறுதிப்படாத வரையில், காரீயம் கலந்தவை என்றே கொள்ள வேண்டும். அவற்றின் பழைய வர்ணத்திலும் காரீயம் இருக்கக்கூடும். அவற்றை அரத்தால் ராவுதலும், உப்புத்தாளால் தேய்த்தலும் கூடாது. தூசி பறந்து தரையிலும் துணியிலும் படியும். பொம்மையின்மேல் சாம்பல் நிறத் தூள் பூத்திருந்தால் உலோகம் அரிக்கப்பட்டு வருகிறது என்று பொருள். அதனைக் குழந்தையிடம் காட்டவும் வேண்டாம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பாட்டு மேசையில் இவ்வேலை ஆகவே ஆகாது. தாத்தா காலத்துப் பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, குழந்தைக்குப் புதிய பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுப்பதே அறிவுடைமை.

கூரிய கத்தி, நொடியில் ஒட்டும் பசை, தெளிப்பு டப்பா ஆகிய மூன்றும் பெரியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். தெளிப்பு வேலையை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வது நலம்.

நேரம் யாருடையது?

இத்தகைய பொழுதுபோக்கு ஒன்று வீட்டுக்குள் வரும்போது அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பகல் முழுதும் குழந்தையோடு போராடிக் களைத்த மனைவி அடுக்களையில் நிற்க, கணவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பொத்தானுக்குப் பொன்நிறம் தீட்டிக்கொண்டிருந்தால் அதனைக் கலை என்று மனைவி ஒப்புக்கொள்வாரா? இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர், வாங்கிக் குவித்து வர்ணம் தீட்டாமல் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளுக்கு 'வெட்கக் குவியல்' என்று தாங்களே கேலிப்பெயர் சூட்டியுள்ளனர். இப்பொம்மைகள் விலை மலிந்தவையும் அல்ல. வீண்விரயம் பற்றி நமக்கு நினைவூட்டத் தேவையில்லை.

நெறியோடு செய்பவர்கள் சில வரையறைகளை வகுத்துக்கொள்கின்றனர். குழந்தை உறங்கியபின் அரைமணி நேரம். ஒரு தட்டத்தில் எல்லாம் அடங்க வேண்டும். எடுக்கவும் வைக்கவும் இரண்டு நிமிடம் போதும் என்ற ஏற்பாடு. கையிலுள்ளது முடியாமல் அடுத்ததை வாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமக்கு அரைமணி கிடைத்தால் இல்லத்தரசிக்கும் அரைமணி ஓய்வு கிடைக்க வேண்டும் என்ற நீதி. அவரும் ஏதோ ஒரு கலையைப் பரணில் ஏற்றி வைத்தவர்தாமே! தாய்மார்கள் ஒதுக்கிய தையலும் பூவேலையும் வாசிப்பும் திரும்பி வருவதற்கு இன்னும் கூடுதல் காலம் ஆகிறது. பலருக்கு அது திரும்பி வருவதே இல்லை.

இரு தந்தையர்

பொம்மை வீரர்களின் வரலாற்றில் இரு தந்தையரின் செயல்கள் ஒப்பிட்டு நோக்கத் தக்கவை.

முதலாமவர் பாட்ரிக் பிரான்டி. வட இங்கிலாந்தின் ஹாவொர்த் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்தவர். 1821இல் மனைவியை இழந்தார். 1825இல் மூத்த புதல்வியர் இருவரையும் பறிகொடுத்தார். எஞ்சியவர்கள் நால்வர். 1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் லீட்ஸ் நகரிலிருந்து திரும்பியபோது, மகன் பிரான்வெல்லுக்காகப் பன்னிரண்டு மரவீரர்கள் அடங்கிய பெட்டி ஒன்றை அவர் வாங்கி வந்தார். சகோதரியர் மூவரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் சூட்டினர். அவ்வீரர்களுக்காகக் கற்பனை நாடுகள் தோன்றின. அவ்வீரர்கள் படிப்பதற்கென்றே, தீப்பெட்டியளவுள்ள இதழ்களைக் குழந்தைகள் பொடி எழுத்தில் எழுதித் தைத்தனர். சார்லட், எமிலி, ஆன் ஆகிய அச்சகோதரியர் மூவரும் பின்னாளில் ஆங்கில இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியைகள் ஆயினர். சார்லட் சிறுமியாய் இருந்தபோது எழுதிய அத்தகைய குட்டி இதழ் ஒன்றை, 2019ஆம் ஆண்டில் பாரிஸ் ஏலத்தில் ஆறு இலட்சம் யூரோவுக்கு வாங்கி ஹாவொர்த் அருங்காட்சியகத்தில் சேர்த்தனர்.

இரண்டாமவர் ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபு. அவருடைய மகன் வின்ஸ்டன், பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர். சிறுவன் வின்ஸ்டனிடம் ஏறத்தாழ 1500 பொம்மை வீரர்கள் இருந்தனர். அவற்றுள் எதிரிப் படைக்குத் தலைமை தாங்கும் வேலை தம்பி ஜாக்குக்கு. தம்பியின் படையில் வெள்ளையரல்லாத வீரர்கள் மட்டுமே இருக்கலாம், பீரங்கியும் கூடாது என்பது அண்ணன் விதித்த உடன்படிக்கை. பேரரசின் மனப்போக்கு பிள்ளைகளின் விளையாட்டுத் தரைவரை இறங்கி வந்திருந்ததை இது காட்டும்.

ஒருநாள் தந்தையே நேரில் வந்து அப்படையைப் பார்வையிட்டார். சுமார் இருபது நிமிடங்கள் நின்றார். முடிவில், இராணுவத்தில் சேர விருப்பமா என்று வினவினார். சிறுவன் ஆமென்றான். அத்துடன் அவன் எதிர்காலம் முடிவாயிற்று. தந்தை தன்னிடம் ஒரு தளபதியின் ஆற்றலைக் கண்டுவிட்டார் என்று வின்ஸ்டன் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தார். வழக்குரைஞராகும் அளவுக்கு இவனுக்கு அறிவு போதாது என்பதே தந்தையின் எண்ணமாக இருந்தது என்று பின்னாளில் அறிந்தார். 1895இல் தந்தை இறந்தார். அவரோடு தோழமை கொள்ள வேண்டும் என்ற கனவு அத்துடன் முடிந்துபோனதை, 1930இல் வெளியிட்ட தம் இளமைக்கால வரலாற்றில் வின்ஸ்டன் வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார்.

ஒருவர் பன்னிரண்டு பொம்மைகளை வாங்கித் தந்து, பிள்ளைகளைத் தம் போக்கில் விளையாட விட்டார். மற்றவர் ஆயிரத்து ஐந்நூறு பொம்மைகளின் நடுவே இருபது நிமிடம் நின்றார். அந்த இருபது நிமிடத்தில் அவர் பொம்மைகளைப் பற்றி மகனிடம் எதையேனும் கேட்டிருந்தால், மகன் எவ்வளவு பேசியிருப்பான்!

அருகில் அமரும் குழந்தை

மீண்டும் தூரிகை எடுத்த தந்தையருக்கு இங்கேதான் ஒரு வாய்ப்புக் கிட்டுகிறது. அவர் பார்வையிட வந்தவர் அல்லர். அதே மேசையில் அமர்ந்து, அதே வேலையைச் செய்கிறவர். தன் வாப்பாவும் தவறுகிறார், வர்ணம் வழிந்தால் துடைக்கிறார், முகம் சரியாக அமையாவிட்டால் அழித்து மறுபடி தொடங்குகிறார் என்பதைப் பிள்ளை கண்ணால் காண்கிறது. பொறுமை பற்றிய நூறு அறிவுரைகளைவிட இக்காட்சி மிகுந்த பயன் தரும்.

குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும்போது சில முறைகளைக் கையாளலாம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு ஓரங்குலப் பொம்மை ஏற்றதன்று. இரண்டங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ள பொம்மை, சற்றே தடித்த தூரிகை, நீர் வர்ணம் நான்கு நிறம் போதும். குழந்தைக்கென்று தனிப் பொம்மை வேண்டும். தந்தையின் நேர்த்தியான படையில் அதனைக் கைவைக்க விட்டு, பின்னர்க் கடிந்துகொள்வது இருவருக்கும் துன்பம். குதிரைக்குப் பச்சை நிறம் பூசினால் பூசட்டும். அஃது உறங்கியபின் தந்தை அதனைத் திருத்தித் தீட்டுவது மட்டும் கூடாது. காலையில் எழுந்து பார்க்கும் குழந்தை, தன் வேலை போதவில்லை என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு அது மேசைக்கு வராது.

சலித்துவிட்டால் எழுந்து போக விட வேண்டும். தந்தைக்குப் பிடித்தது பிள்ளைக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளைக்குப் பிடித்தது பந்தாட்டம் என்றால், தூரிகையை வைத்துவிட்டுத் தந்தை திடலுக்குப் போவதே முறை.

உருவங்கள் பற்றிய ஐயம்

உருவங்கள் என்றவுடன் நம் வாசகர்களுக்கு மார்க்க அடிப்படையில் ஐயம் எழுவது இயல்பே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியருடன் பொம்மைகள் வைத்து விளையாடியதும், பெருமானார் (ஸல்) அவர்கள் வரும்போது நாணி மறைந்துகொண்ட அத்தோழியரை அவர்களே மீண்டும் விளையாட அனுப்பி வைத்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் செய்திகள். துணியால் ஆன இறக்கைகள் கொண்ட குதிரைப் பொம்மை ஒன்றைக் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் அதுபற்றி ஒவ்வொன்றாக வினவியதும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்ற பதிலைக் கேட்டுச் சிரித்ததும் அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பது இவற்றின் அடிப்படையிலேயே. ஆனால் பெரியவர்கள் அழகுக்காக உருவங்களைச் செய்வதும் வீட்டில் நிறுத்துவதும் வேறு விஷயம். அதில் கண்டிப்பான கருத்துகள் உண்டு. தீர்ப்புச் சொல்வது இப்பகுதியின் பணியன்று. ஐயமுள்ளோர் தத்தம் ஆலிம்களை அணுகுக.

ஐயமே வேண்டாம் என்று எண்ணுவோர்க்கு வழி தாராளமாக உள்ளது. இதே தூரிகையும் இதே வர்ணமும் இதே பொறுமையும் கொண்டு கப்பல், விமானம், இரயில் எஞ்சின், கோட்டை, பள்ளிவாசல் ஆகியவற்றின் மாதிரிகளைச் செய்யலாம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனமே, 1950களின் தொடக்கத்தில் ஒரு பாய்மரக் கப்பலின் மாதிரியைக் கொண்டுதான் புகழ் பெற்றது. கடலோடிகளின் வழிவந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கப்பலைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

போர் விளையாட்டு பிள்ளை மனத்தைக் கெடுக்காதா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் இரு மகன்களுடன் தரையில் ஆடிய விளையாட்டுகளைப் பற்றி 1911இல் ஒரு நூலும், பொம்மைப் போர் பற்றி 1913இல் மற்றொரு நூலும் எழுதினார். இரண்டாவது நூலின் முடிவில், உண்மைப் போர் எத்தகைய மூடத்தனம் என்பதை இவ்விளையாட்டைக் கொண்டே உணர்த்த முயன்றார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. இப்பொம்மைகளைக் கையிலெடுக்கும் பிள்ளை ஒருநாள், "இவர் செத்துப்போனால் இவருடைய பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கக்கூடும். அப்போது அருகில் இருந்து பதில் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். தனியே விட்டால், விடையைப் பிள்ளை தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் தேடிக்கொள்ளும்.

நம் இல்லங்களில்

நம் சமுதாயத்தில் வாப்பாமார் பலர் ஆண்டில் ஒரு மாதமோ, ஈராண்டுக்கு இரு மாதமோ விடுமுறையில் வந்து செல்பவர்கள். வரும்போது பெட்டி நிறையப் பொம்மைகள் வருகின்றன. முதல் வாரத்தில் பாதி உடைந்துவிடுகின்றன. கொண்டுவரும் பொருள்களில் ஒன்றேனும், தந்தையும் பிள்ளையும் சேர்ந்தமர்ந்து செய்து முடிக்கவேண்டிய வேலையாக இருக்கட்டும். ஒரு கப்பல் மாதிரியைத் தொடங்கி, விடுமுறைக்குள் முடிக்க இயலாமற் போனாலும் குறையில்லை. பாய்மரம் இன்னும் கட்டப்படவில்லை என்பதைத் தொலைபேசியில் பேசுவதற்கு ஒரு செய்தி இருக்கும். "நன்றாகப் படிக்கிறாயா?" என்னும் ஒரே கேள்வியோடு முடிந்துவிடும் உரையாடல் அதனால் சற்று நீளும். அடுத்த விடுமுறை வரை அக்கப்பல் அலமாரியில் காத்திருக்கும்.

உள்ளூரிலேயே இருக்கும் தந்தையருக்கும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். பரணில் உள்ள பெட்டி எதுவாயினும் ஆகுக. எழுதுகோலோ, தையலூசியோ, உளியோ, பட்டம் ஒட்டும் பசையோ ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். அது என்ன என்று பிள்ளை கேட்கும். அப்போது பதில் சொல்லிவிட்டு மூடிவிடாமல், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.